இரண்டு வரியில் வரிக் கணக்கு

மார்ச் பிறந்தால் மேடைக்குப் பின்னால் பேச்சே மாறிவிடும். புகைப்படக்காரர், ஒப்பனைக் கலைஞர், மருதாணி போடுபவர், தவில் வாசிப்பவர், என்னைப் போல மைக் பிடிப்பவர் என யார் கூடினாலும் ஒரே கேள்விதான்: "வருமான வரி ஃபைல் பண்ணியாச்சா?" பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "நமக்கெல்லாம் எங்கே வரி வரப்போகுது!"

அந்தப் பதிலில் பாதி உண்மை. சலுகைகளைக் கழித்த பிறகு மிஞ்சும் வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு இங்கே வரி இல்லை. அடுத்த 10,000 வெள்ளிக்கு 2 விழுக்காடுதான். ஆனால் வரி வருவது வேறு, கணக்குக் கொடுப்பது வேறு. செலவு போகச் சுயதொழில் லாபம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

வேலையும் பார்த்துக்கொண்டு வார இறுதியில் நிகழ்ச்சியும் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். சிங்பாஸ் வழியாக உள்ளே போனால் முதலாளி அனுப்பிய சம்பள விவரம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். பார்த்த மகிழ்ச்சியில் பலர் அப்படியே மூடிவிடுகிறார்கள். சனிக்கிழமைத் திருமணத்தில் உறையில் வந்த பணத்தையும், பேநவ்வில் விழுந்த பணத்தையும் யாரும் அங்கே நிரப்பி வைத்திருக்க மாட்டார்கள். அதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

டியூஷன் எடுக்கும் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, கையில வாங்குற காசு யாருக்குத் தெரியும்? குறைச்சுப் போட்டா என்ன?" வருமானத்தை வேண்டுமென்றே மறைத்தால் ஏய்த்த வரியைப் போல 4 மடங்கு வரை அபராதம் வரலாம், சிறைக்கும் இடமுண்டு. அதைச் சொன்னேன். அக்கா அசரவில்லை. வீட்டுக் கடனைப் பற்றிப் பேசியபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சம்பளக்காரரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது, மத்திய சேமநிதிக் கணக்கில் மாதந்தோறும் முதலாளி போட்ட தொகை இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது? 'இவர் இவ்வளவு சம்பாதிக்கிறார்' என்று சொல்லும் தாள் ஒன்றே ஒன்றுதான்: கணக்குக் கொடுத்த பிறகு ஆணையம் அனுப்பும் வரி மதிப்பீட்டு அறிவிப்பு. எல்லாரும் என்ஓஏ என்கிறோமே, அது. வீடு வாங்கப் போகும் சுயதொழிலரிடம் வீவகவும் வங்கியும் முதலில் கேட்பது அதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 36 வயது மருதாணிக் கலைஞர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கேம்பல் லேன் பக்கம் கை ஓயாது. மற்ற மாதங்களில் திருமணங்கள். வரவு 34,000 வெள்ளி, செலவு 4,000, லாபம் 30,000. உழைத்துப் பெறும் வருமானத்துக்கான 1,000 வெள்ளிச் சலுகையை மட்டும் கழித்தால் மிச்சம் 29,000. வரி, ஆண்டு முழுவதற்கும் 180 வெள்ளி.

அந்த 180 வெள்ளியை மிச்சப்படுத்த அவர் லாபத்தை 15,000 என்று காட்டுகிறார் என்று வைப்போம். மாத வருமானம் 2,500 வெள்ளியிலிருந்து 1,250 ஆகிவிடும். அத்தோடு நிற்காது. நாணய ஆணையத்தின் விதிப்படி, நிலையில்லாத வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் வங்கி கடன் தகுதியைக் கணக்கிடும். ஆக, உண்மையைச் சொல்லியிருந்தால் 1,750 வெள்ளியாகப் பார்க்கப்பட்டிருக்கும் வருமானம் 875 ஆகச் சுருங்கிவிடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு சிராங்கூன் சாலையில் எந்த வங்கி வாசலில் நின்றாலும் அதே பதில்தான் வரும்.

2020ஆம் ஆண்டை மேடைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். திருமணங்கள் சுருங்கின, மேடைகள் மூடின. சுயதொழில் புரிவோருக்கு அரசாங்கம் மே, ஜூலை, அக்டோபர் மாதங்களில் தலா 3,000 வெள்ளியென மொத்தம் 9,000 வெள்ளி கொடுத்தது. முன்பே வருமானத்தை அறிவித்திருந்த, தகுதி வரம்புக்குள் இருந்த 37 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு விண்ணப்பிக்காமலேயே பணம் வந்தது. மற்றவர்கள் என்டியுசி வழியாக விண்ணப்பித்து, ஆவணம் தேடி, காத்திருக்க வேண்டியிருந்தது. வருமானத்தையே காட்டாதவர் வருமானம் போய்விட்டது என்று எதைக் காட்டி நிரூபிப்பார்?

சரி, எப்படிக் கொடுப்பது? ஆண்டு வரவு 200,000 வெள்ளிக்கு உட்பட்டிருந்தால் நிரப்ப வேண்டியவை இரண்டே வரிகள்: மொத்த வரவு, செலவு போக லாபம். (நம்மில் எத்தனை பேர் அந்த எல்லையைத் தொடுவோம் என்பது வேறு கதை.) ஆனால் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ரசீதுகள் இருக்க வேண்டும். 5 ஆண்டுகளுக்கு அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்கள் ரசீது சேர்க்காமலேயே கட்டண வருமானத்தில் 60 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

எது செலவு என்பதில்தான் சண்டையே. தொழிலுக்காக மட்டுமே செய்த செலவாக இருக்க வேண்டும் என்பது விதி. மருதாணிக் கூம்பு, மைக், நிகழ்ச்சிக்குக் கொண்டுபோகும் ஒலிபெருக்கியின் வாடகை, இவற்றில் சந்தேகமில்லை. கைப்பேசிக் கட்டணத்தில் தொழிலுக்கான பங்கு மட்டும். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் இங்கேதான் முகம் சுளிப்பார்கள்: நிகழ்ச்சிக்கே போயிருந்தாலும் சொந்தக் காரின் பெட்ரோல், வாகன நிறுத்தம், ஈஆர்பி எதையும் கழிக்க முடியாது. அபராதச் சீட்டையும்தான். பட்டுச்சேலை? சித்தி மகள் கல்யாணத்துக்கும் அதையே கட்டிக்கொண்டு போவீர்கள் என்றால், ரசீதை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

பணமாக வராததும் வருமானம்தான். இன்ஸ்டகிராமில் ஒரு கடையைப் புகழ்ந்து பேசி, பதிலுக்குப் பொருளாக வாங்கினால் அதன் சந்தை விலை கணக்கில் சேர வேண்டும். ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கத் தரும், 100 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

தாக்கல் செய்து சில வாரம் கழித்து வரும் மெடிசேவ் கடிதம்தான் பலரைப் பயமுறுத்துகிறது. நம் மருதாணிக் கலைஞருக்கு 9 விழுக்காடு, அதாவது 2,700 வெள்ளி. வரியைப் போலப் 15 மடங்கு! அதனாலேயே பலர் வருமானத்தை மறைக்கிறார்கள் என்பது என் சந்தேகம். ஆனால் அந்தப் பணம் எங்கேயும் போவதில்லை. அவருடைய கணக்கிலேயே வட்டியோடு கிடக்கும், மருத்துவமனைச் செலவுக்கு உதவும். தவணையிலும் கட்டலாம். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு வேர்க்ஃபேர் உதவித்தொகை கிடைக்க வேண்டுமென்றாலும் வருமானத்தை அறிவித்து மெடிசேவ் கட்டியிருக்க வேண்டும். அதில் 10 விழுக்காடு ரொக்கமாகவும் மீதி மெடிசேவிலும் வரும்.

வரியையும் ஜைரோ வழியாக 12 மாதத் தவணையில் வட்டியில்லாமல் கட்டலாம். 180 வெள்ளி என்றால் மாதம் 15 வெள்ளி.

காகிதப் படிவம் என்றால் ஏப்ரல் 15, இணையம் என்றால் ஏப்ரல் 18 கடைசி நாள். சித்திரைப் புத்தாண்டு நிகழ்ச்சிகளை ஒப்புக்கொண்டிருப்பவர்கள் மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். அந்த அக்கா ரசீதுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறாராம். இந்த வாரம் கொட்டி எண்ணப் போகிறார்.