என் வில்லனை நானே வரைகிறேன்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளுக்குச் சென்றால், முதல் வாரத்தில் அதில் என்ன செய்தீர்கள் என்று கேட்பது என் வழக்கம். முன்பெல்லாம் "பெயிண்ட் புரோகிராமில் ஏதோ கிறுக்கினோம்" என்பார்கள். இப்போது "ஏஐயிடம் சொல்லிப் படம் வாங்கினோம்" என்கிறார்கள். சென்ற மாதம் மயிலாப்பூரில் என் அக்கா வீட்டிலும் இதே பதில்தான் கிடைத்தது.

அக்கா மகனுக்கு வயது 11. "மாமா, நீ சின்ன வயசுல பார்த்த கார்ட்டூன் வில்லன் பேரு சொல்லு, ஒரு நிமிஷத்துல பேன்டஸி ஆர்ட்டா காட்டுறேன்" என்றான். பேன்டஸி ஆர்ட் என்பது வேறொன்றுமில்லை. பட்டையான கோடும் ஒரே நிறமுமாக இருக்கும் கார்ட்டூன் உருவத்துக்கு ஒளி, நிழல், செதில், தசை எல்லாம் கொடுத்து, உண்மையிலேயே எதிரில் நிற்பது போல வரைவது. நான் யோசிக்கவே இல்லை. ஷெண்டு என்றேன்.

சுட்டி டிவி 2007ல் தொடங்கியபோது எனக்கு வயது 9. அதில் தமிழ் பேசிய ஜாக்கி சான் கார்ட்டூன் தொடரை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். (அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை 95 பகுதிகளாக வந்த தொடர் அது.) அதில் வரும் நெருப்பு அரக்கன்தான் ஷெண்டு. டிராகன் உருவம். கதை தொடங்கும்போது வெறும் கற்சிலை. எலி முதல் பன்றி வரை 12 விலங்குகளுக்கு 12 தாயத்துகள்; முயலுக்கு வேகம், பாம்புக்கு மறையும் திறன், சேவலுக்கு மிதக்கும் சக்தி என ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம். அவை சேர்ந்தால் சிலைக்கு உயிர் வந்துவிடும். நகர முடியாத கல்லாக இருந்துகொண்டே மிரட்டுகிறானே என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய பயம்.

ஏஐ தந்த படத்தில் மலை உச்சி, மின்னல், விரித்த இறக்கைகள் எல்லாம் இருந்தன. அழகான படம்தான். ஆனால் ஷெண்டுவுக்கு இறக்கையே கிடையாது. "இறக்கை வேண்டாம்" என்று டைப் செய்தான். வேறொரு டிராகன் வந்தது. அன்று மாலைக்குள் முப்பது படங்கள். மறுநாள் எது பிடித்தது என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் நினைவில் இல்லை.

நான் ஏஐக்கு எதிரி அல்ல. ஆபீசில் தினமும் அதோடுதான் வேலை. 2025 மார்ச்சில் எல்லோரும் சாட்ஜிபிடியில் ஜிப்லி பாணிப் படம் வாங்கியபோது நானும் என் போட்டோவைக் கொடுத்து வாங்கினேன். பிறந்தநாள் அழைப்பிதழுக்குப் படம் வேண்டுமா, தாராளமாகக் கேளுங்கள். சிறு வயதில் நீங்கள் பயந்த, ரசித்த வில்லனை மட்டும் அதனிடம் விட்டுவிடாதீர்கள் என்பதே என் வாதம்.

காரணம், அன்று இரவு நான் கண்டது. பத்தாம் வகுப்பில் டியூஷனுக்காக ஓவிய நோட்டை மூடியவன் நான். பிறகு இன்ஜினியரிங், வேலை என்று திறக்கவே இல்லை. அன்று உட்கார்ந்து ஷெண்டுவை வரையப் பார்த்தால், அவனுக்கு எத்தனை விரல் என்றே தெரியவில்லை. கழுத்து எங்கே தோளோடு சேரும்? தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக என்னிடம் இருந்தது இரண்டு சிவந்த கண்களும் ஒரு குரலும் மட்டும்தான். மீதியை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் வரும் பூத வாகனத்தின் பற்களை எடுத்துக்கொண்டேன். தி.நகரில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தின் முன்னால் தொங்கிய திருஷ்டி பொம்மையிடமிருந்து முழி. கல் பாதி உயிர் பாதியாக இருக்கும் மார்புக்கு, பாட்டி வீட்டில் கொத்தி வைத்த அம்மியின் புள்ளிகள். இப்படி ஒரு ஷெண்டு எந்த டிவியிலும் வந்ததில்லை. ஏஐயிடமும் இதைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம், ஆனால் என்ன கேட்பது என்பதே விரல் தெரியாமல் விழித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இதை நம் ஊரில் நமக்கு முன்பே செய்து காட்டியவர் ஓவியர் சங்கர். அம்புலிமாமா 1947ல் சென்னையில் தொடங்கியது; கே.சி.சிவசங்கரன் என்ற சங்கர் 1952ல் அதில் சேர்ந்தார். வாளேந்திய விக்கிரமாதித்தன், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாட்டு இருள் என்ற அந்தப் படத்தை இன்று பார்த்தாலும், பயம் வேதாளத்தின் முகத்தில் இல்லை, அரசன் சுமக்கும் பாரத்தில் இருக்கிறது என்பது புரியும். 2020ல் தமது 96ஆம் வயதில் மறைந்தார். 2021ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். கிருதா என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுண்லோட் செய்திடவும். 8 ஜிபி ராம் இருந்தால் தாராளம். புதிய பைலை ஏ4 அளவில், 300 டிபிஐயில் திறந்திடுங்கள். அதாவது 2480க்கு 3508 பிக்ஸல். சிறியதாகத் தொடங்கினால் பிரிண்ட் எடுக்கும்போது வருந்துவீர்கள். பேப்பரில் பென்சிலால் வரைந்து, போனில் போட்டோ எடுத்து, அதை அடி லேயராக வைத்து மங்கலாக்கிக்கொள்ளலாம். அதன் மேல் ஒரு லேயரில் கோடு, இரண்டுக்கும் நடுவில் நிறம். நிழலுக்குத் தனி லேயர் வைத்து மல்டிப்ளை மோடில் போட்டால், தவறினாலும் நிறம் கெடாது. சேமிக்கும்போது கேஆர்ஏ பைலாகவும் ஒன்று வைத்திருங்கள். பிஎன்ஜியில் லேயர்கள் ஒன்றாகிவிடும். பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும் டேப்லட் சில ஆயிரம் ரூபாய்க்கு ரிச்சி தெருவில் கிடைக்கிறது. முதல் மூன்று மாதம் வாங்க வேண்டாம். மவுஸ் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஷெண்டு உங்கள் சொத்து அல்ல. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. வரைந்து வீட்டுச் சுவரில் மாட்டலாம். டிஷர்ட்டில் அடித்துப் பாண்டி பஜாரில் விற்கக் கிளம்பிவிடாதீர்கள்.

அக்காவுக்கு இதில் கோபம். "படிக்கத்தான் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன், அரக்கன் வரைய இல்ல" என்றாள். "அரை மணி நேரம் விடுக்கா" என்றேன். பையன் இப்போது மவுஸால் தன் டிராகனை வரைந்துகொண்டிருக்கிறான். அதற்கு ஆறு விரல். தப்பு இல்லையாம், அது அப்படித்தானாம்.