நட்சத்திரக் கணக்கு

ஆகஸ்ட் மாதம் லண்டன் ஓ.எல். பெறுபேறு வந்ததும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சர்வதேசப் பாடசாலைகளின் பெனர்கள் தொங்கத் தொடங்கிவிடும். கேம்பிரிட்ஜ் என்றால் இத்தனை 'ஏ ஸ்டார்', எடெக்ஸெல் என்றால் இத்தனை '9'.

நான் புடவைக் கடைக்காரன். ஷோகேஸில் தொங்கும் உடுப்பைப் பார்த்துக் கடையின் இருப்பை மதிப்பிடுவதில்லை. இந்தப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. ஆகவே வியாபாரக் கேள்வி கேட்பதில் பிழையில்லை. ஐம்பது ஸ்டார் என்கிறார்களே, எத்தனை பிள்ளைகளுக்குள்? ஒன்பது பாடம் எடுத்த ஒரு கெட்டிக்காரப் பிள்ளையே ஒன்பதைக் கொண்டுவந்துவிடும்.

என் ராத்தாவின் மகன் கணிதத்தில் பலவீனம் என்று, 'பிரைவேட்டாக' எழுதும்படி ஒரு பாடசாலை சொல்லிவிட்டது. அதுவரை தவணைப் பணத்தில் ஒரு சதம் குறைக்கவில்லை. பெறுபேற்றுக் கணக்கில் மட்டும் அவன் இல்லை!

காசு சின்னக் காசுமல்ல. பரீட்சைக் கட்டணம் ஸ்டேர்லிங் பவுண் கணக்கு. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியபோது பவுணும் கூடவே ஏறியது. நகையை அடகு வைத்துக் கட்டிய வீடுகளை அறிவேன். அரச பல்கலைக்கழக அனுமதியோ உள்ளூர் ஏ.எல். இஸட் புள்ளியில் நடப்பது. லண்டன் வழி போன பிள்ளைக்கு அடுத்த படியும் பெரும்பாலும் காசுதான்.

அனுமதிக்குப் போகும் பெற்றோரே, முற்பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: பத்தாம் வகுப்பில் எத்தனை பேர், பாடசாலை மூலம் தோற்றியோர் எத்தனை பேர், தனியாக எழுதச் சொன்னது எத்தனை பேரை? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.