கருவி யார் கையில்?

பெண்ணுக்குக் கணக்கு வராது என்னும் பேச்சு நம் நாட்டில் இன்னும் சாகவில்லை. பட்டம் பெற்றவர் நாவிலும் அது நடமாடுகிறது. உண்மை என்ன?

2008-ல் ஜேனட் ஹைடும் அவருடைய துணைவர்களும் அமெரிக்காவின் 10 மாநிலங்களில் 70 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் கணக்குத் தேர்வு முடிவுகளை ஆராய்ந்தனர். இரண்டாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை, சராசரியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருட்படுத்தத்தக்க வேற்றுமை இல்லை என்று கண்டனர்.

நம் நாட்டுக்கு வருவோம். 2023-ல் ஏசர் ஆய்வு, சிற்றூர்களில் 14 முதல் 18 வயதினரைச் சோதித்தது. தாய்மொழி வாசிப்பில் பெண்கள் முந்தினர். கணக்கில் ஆண்கள் முந்தினர். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. திறன்பேசியை இயக்கத் தெரிந்த ஆண்களில் 43.7 விழுக்காட்டினருக்கு அது சொந்தமாக உண்டு, பெண்களிலோ 19.8 விழுக்காட்டினருக்கே உண்டு. ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்று அறுதியிடுதல் அறிவியல் படிப்போர்க்கு அழகன்று. ஆயினும், கணக்கே கணினி ஏறிவிட்ட இக்காலத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியுமா?

ஜியோஜீப்ரா என்னும் இலவச மென்பொருளை 2001-ல் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் உருவாக்கத் தொடங்கினார். திரையில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறுகின்றன. கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையாகவே நிற்கிறது. மனப்பாடம் செய்த விதி கண்முன் மெய்யாகிறது! தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூல்களின் 'இணையச் செயல்பாடு' பகுதியும் இம்மென்பொருளைப் பயன்படுத்துகிறது. நல்லதுதான். ஆனால் இழுத்துப் பார்க்கும் கை யாருடையது? வீட்டில் இருப்பது ஒரே செல்பேசி. முதல் உரிமை தந்தைக்கு, அடுத்தது தமையனுக்கு. தங்கைக்குக் கிடைப்பதோ, அடுக்களை வேலை முடிந்த பின் மின்னூட்டம் தீர்ந்த கருவி! பள்ளிக் கணினி அறையிலும் பையன் சுட்டியைப் பிடிக்கிறான். பெண் பக்கத்தில் அமர்ந்து குறிப்பெழுதுகிறாள். பார்த்தவர் வேறு, செய்தவர் வேறு அன்றோ?

2011-ல் தமிழ்நாடு அரசு மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக்கு ஒன்று என்று கொடாமல், ஆண் பெண் பாராது மாணவர்க்கு ஒன்று என்று கொடுத்தது. அத்திட்டத்தில் குறை காண்போர் காணட்டும். கருவியைப் பெண்ணின் கையிலேயே கொடுத்த கொள்கை சிறந்தது.

தோழர்களே! 1848-ல் சாவித்திரிபாய் புலேயும் ஜோதிராவ் புலேயும் பெண்களுக்குப் பள்ளி திறந்த ஊர் இந்தப் புனே. அவ்வூரில் படிக்கும் நாம் அரசை மட்டும் எதிர்பார்த்து இருப்பது முறையன்று. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நம் மடிக்கணினிகளை ஓரிடத்தில் சேர்ப்போம். இந்நகர்த் தமிழ்க் குடும்பங்களின் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை அழைப்போம். விதி ஒன்றே ஒன்று: பெண்ணின் கையில் சுட்டி இருக்க வேண்டும், கற்பிப்பவர் கை பின்னால் இருக்க வேண்டும்.

சங்கம் நாள் குறிக்கட்டும். முதல் மடிக்கணினி என்னுடையது.