ஈ.வி.எஸ். பேப்பரில் அச்சங்குளம் வருமா?

"பார்ட் ஃபோர்தானே... முதல் நாள் ராத்திரி படிச்சா போதும்!" தமிழ்நாட்டு ஆர்ட்ஸ் காலேஜில் படித்த யாரும் இதைச் சொல்லாமலோ கேட்காமலோ டிகிரி வாங்கியிருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளை இப்போதுதான் காலேஜில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு ஒரு சின்ன விளக்கம். பார்ட் ஒன் தமிழ் அல்லது வேறொரு மொழி, பார்ட் டூ இங்கிலீஷ், பார்ட் த்ரீ மேஜரும் அலைடும். பார்ட் ஃபைவ் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. வகையறா. இடையில் இருக்கும் பார்ட் ஃபோரில்தான் மேஜர் எதுவானாலும் எல்லோரும் படித்தே ஆகவேண்டிய பொதுப்பாடங்கள் வரும். அதில் ஒன்று சுற்றுச்சூழல் கல்வி, காலேஜ் பாஷையில் ஈ.வி.எஸ். மூன்று வருடத்தின் 140 கிரெடிட்டில் இதற்கு 2. அலட்சியத்துக்குக் காரணம் புரிகிறதா?

அந்த 2 கிரெடிட்டுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991 நவம்பர் 22-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது காலேஜ் வகுப்பறைக்கு வந்துசேரப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. 2003-ல் நீதிமன்றம் மறுபடி வற்புறுத்திய பிறகே, யு.ஜி.சி. எல்லா இளங்கலை வகுப்புகளுக்கும் ஆறு மாதப் பாடமாக இதைக் கொண்டுவந்தது.

இதே மேத்தாதான் சிவகாசி தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை பார்த்த குழந்தைகளுக்காக 1986-ல் உச்ச நீதிமன்றம் போனவர். 1996 டிசம்பர் 10-ல் வந்த தீர்ப்பு, சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பிள்ளை ஆலைக்குப் போகாமல் பள்ளிக்குப் போனதிலும், பிறகு காலேஜில் ஈ.வி.எஸ். எழுதியதிலும் ஒரே மனிதருக்குப் பங்கு உண்டு.

சரி, பாடத்துக்குள் என்ன இருக்கிறது? யு.ஜி.சி. அப்போது கொடுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில் 8 யூனிட், 50 பீரியட். மாசுபாடு பற்றிய ஐந்தாவது யூனிட்டில் பேரிடர் மேலாண்மை வருகிறது. வெள்ளம், நிலநடுக்கம், புயல், நிலச்சரிவு என்று நான்கு பேரிடர்கள். வெடிவிபத்து அந்த வரிசையில் இல்லை. சாத்தூர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்த நான்கில் எதற்கு அவர்கள் பயப்படுகிறார்கள் என்று!

சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ம் தேதி நடந்த ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பிறகு வெளியே வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு போட்டது.

அதற்கு முன், 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி. 30-க்கும் மேற்பட்டோர் பலியான அந்த விபத்தில், முதல் சத்தம் கேட்டு உதவ ஓடிவந்த அக்கம்பக்கத்து ஜனங்கள் பலர் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். ஆலையில் தீ என்றால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை இந்த ஊர்ப் பக்கம் எந்த மேஜர் படிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும்? எல்லோரும்தானே!

கெமிஸ்ட்ரி மாணவிக்கு பேரியம் நைட்ரேட் பச்சை நிறம் தரும் என்று தெரியும். கலந்த மருந்தை மிச்சம் வைத்தால் ஈரத்தில் நீர்த்துப்போய்த் தானாகவே சூடேறும் என்பதும் தெரிந்திருக்கலாம். பி.காம். மாணவிக்கு? அவர் அம்மாதான் மருந்து அடைக்கும் அறையில் உட்கார்ந்திருப்பார். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் ஏன் தடை போட்டது, உள்குத்தகை அறையில் அடிபட்டால் இழப்பீட்டை யாரிடம் கேட்பது... இதெல்லாம் எந்த மேஜரிலும் முழுசாக அடங்காத கேள்விகள். பொதுப்பாடம் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான் என்பது என் கட்சி.

செய்ய வழியும் இருக்கிறது. சிவகாசியின் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும், எஸ்.எஃப்.ஆர். மகளிர் கல்லூரியும் தன்னாட்சிக் கல்லூரிகள். சிலபஸில் கைவைக்கும் அதிகாரம் உண்டு. மாதிரிப் பாடத்திட்டமே, உள்ளூரில் மாசுபட்ட ஓர் இடத்தைப் போய்ப் பார்க்கச் சொல்லி, களப்பணிக்கு 5 பீரியட் ஒதுக்கியிருந்தது. பட்டாசுத் தொழிலில் சம்பாதித்தவர்கள் கட்டிய காலேஜில் பட்டாசு விபத்தைப் பாடமாக வைப்பதா என்ற தயக்கம் வரலாம். ஆலையை ஒழுங்காக நடத்தும் முதலாளிக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லையே.

தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவருக்கு ஒரு பீரியட், அனுபவமுள்ள போர்மேன் ஒருவருக்கு ஒரு பீரியட். இன்டர்னல் மார்க்குக்கு ஓர் அசைன்மென்ட்: வீட்டிலோ தெருவிலோ ஆலை வேலைக்குப் போகிறவரிடம், அறையில் எத்தனை பேர் உட்காருகிறீர்கள், லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. அட்டை கையில் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வர வேண்டும்.

இதை நெட்டில் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது.