தரிசு திருந்தினால் போதாது, தூரும் போக வேண்டும்

சங்கரன்கோவில் வட்டாரக் கரிசல் காடுகளில் விதைப்பின்றிக் கிடந்த தரிசுகளைத் திருத்தப் பல விவசாயிகள் முன்வருகிறார்கள். 2021-22-ல் தொடங்கிய அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்திலும் தரிசுத் தொகுப்புகளில் முட்புதர் அகற்ற இடம் தரப்பட்டது. இருந்தும், கைக்காசைப் போட்டுத் திருத்திய நிலம் இரண்டொரு ஆண்டில் மீண்டும் புதராகிவிடுவது உண்டு. வேலையைப் பாதியில் விடுவதே இதற்குக் காரணம்.

சீமைக்கருவேலை வெட்டுவது எளிது. கரிமூட்டம் போடுபவர்கள் விறகை விலை பேசித் தரைமட்டத்தில் அறுத்துக்கொண்டு போவார்கள். விவசாயிக்குக் கொஞ்சம் ரொக்கம் கிடைக்கும். தூர் நிலத்திலேயே நிற்கும். இம்மரத்தின் துளிர்க்கும் கண்கள் மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கழுத்தில் உள்ளன. ஒரு மரம் நின்ற இடத்தில் பல கிளைகள் கிளம்புவது இதனால்தான். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது மேலோடு வெட்டிய இடங்களிலும் இதுவே நடந்தது. ஓரடி ஆழத்துக்குக் குறையாமல் தோண்டித் தூரை எடுக்க வேண்டும். விறகு விலை பேசும்போதே தூரோடு எடுக்கப் பேசிக்கொள்வது உத்தமம். விலை சற்றுக் குறைந்தாலும், மறுமுறை இயந்திரத்துக்கு வாடகை கொடுப்பதைவிட அது மேல்.

அடுத்தது விதை. ஆடுமாடுகள் நெற்றைத் தின்று விதையைப் புழுக்கையிலும் சாணத்திலும் போடுகின்றன. கடினத் தோல் கொண்ட அந்த விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதற்காகக் கிடை போடுவதை நிறுத்தச் சொல்வது சரியல்ல. கரிசலுக்கு அதைவிட மலிவான உரம் ஏது? கிடை போட்ட நிலத்தில் புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பின் தோன்றும் கன்றுகளை ஈரத்திலேயே வேரோடு பிடுங்கிவிட்டால் போதும். மாதக்கணக்கில் விட்டால் ஆணிவேர் ஆழப் போய்விடும். பிறகு கைக்கு வராது.

திருத்திய முதல் ஆண்டில் பருத்தி, மிளகாய் போன்ற அகன்ற இடைவெளிப் பயிர்கள் வேண்டாம். தீவனச் சோளத்தை நெருக்கி விதைத்தால் நிலம் மூடிக்கொள்ளும். களைக்கு வெயில் கிடைக்காது, மாட்டுக்குத் தட்டையும் ஆயிற்று. கோரை மிகுந்த நிலமானால் சித்திரை, வைகாசியில் கோடை உழவு செய்து கிழங்குகளை வெயிலில் காயவிட வேண்டும்.

பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்க வேண்டும், வெறுங்கையால் தொடக் கூடாது. பயிரில்லாத பாதையோரங்களில் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். விளைநிலத்தில் உப்புக் கரைசல் கூடவே கூடாது.

வரப்பில் நிற்கும் மரம் பக்கத்து நிலத்தாருடையது என்றால் வெட்டச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, நெற்று உதிரும் காலத்தில் பொறுக்கிக்கொள்ள அனுமதி கேட்பது நல்லது. நன்கு காயவைத்து, விதை உடையும்படி அரைத்து, தீவனத்தில் அளவோடு கலந்து கொடுக்கலாம். உடைந்த விதை முளைக்காது.