பொலோரேக்கு வழி விட்டது யார்?



போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்தில் வின்சென்ட் பொலோரே பற்றிப் பேச்சு வந்தது. வழமைபோல எல்லாரும் ஒரே கதைதான் சொன்னோம்: கனால் பிளஸ் ஒரு காலத்தில் துணிச்சலான, நக்கல் பிடிச்ச சனல், 2015 இல் அந்தக் கோடீஸ்வரர் வந்து நாசமாக்கினார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் இந்தக் கதை பாதிதான்.

பாரிஸ் புறநகரில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கட வீட்டில் டிகோடர் இல்லை. கனால் பிளஸில் படம் தொடங்கினால் திரை கோடு கோடாகக் கலங்கும், சத்தம் கரகரக்கும். ஆனால் இரவு எட்டு மணிக்குக் கிட்ட 'லே கினியோல்' பொம்மைகள் வரும். அது எல்லாருக்கும் திறந்துவிட்ட நேரம். அப்பா பிரெஞ்சு அரசியல்வாதிகளை அந்தப் பொம்மைகளிட்டத்தான் படித்தார். மிச்சத்தை வாங்கப் பண்ணும் தூண்டில் அது எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பிரான்ஸின் முதல் கட்டணத் தொலைக்காட்சியான கனால் பிளஸ் தொடங்கியது 1984 நவம்பர் 4 இல். ஆட்சியில் இருந்தது யார்? சோசலிஸ்டுகள். ஜனாதிபதி மித்திரோனின் அலுவலகத்தை நடத்திய ஆந்த்ரே ரூஸ்லே அப்போது ஹவாஸ் நிறுவனத்தின் தலைவர். அவரிடம்தான் அது போனது. கொடுத்ததும் புதிதாய்க் கண்டுபிடித்த ஒன்றில்லை. பொதுத் தொலைக்காட்சியின் பழைய 819 வரி ஒளிபரப்பு ஓடிய அலைவரிசைகள். மக்களின் வானலைக்குப் பூட்டுப் போட்டு, திறப்பை மாதச் சந்தாவுக்கு விற்றார்கள். 1986 இல் பெர்லுஸ்கோனி 'லா சாங்க்' சனலோடு உள்ளே வந்ததும் அதே அரசின் காலத்தில்தான்.

நியாயமாய்ச் சொன்னால், பதிலுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: வருமானத்தில் ஒரு பங்கு சினிமாவுக்குப் போகவேணும். எனக்குப் பிடித்த பல படங்கள் அந்தக் காசில்தான் வந்தன, மறுக்கேல்லை. ஆனால் ஒரு நாட்டின் சினிமா ஒரு கம்பனியின் காசில் இவ்வளவு தங்கியிருந்தால், அந்தக் கம்பனி கைமாறும் நாளில் எத்தனை இயக்குநர்கள் வாய் திறப்பார்கள்?

1996 இல் செய்மதி டிஜிட்டல் வந்தது. ஒரு பக்கம் கனால்சாட்டிலைட், மறுபக்கம் தே-பே-எஸ். இரண்டாவதில் பொதுத் தொலைக்காட்சியும் பங்காளி! உதைபந்தாட்ட உரிமைக்கு இரண்டும் அடிபட்டு, 2006 இல் முதலாவது மற்றதை விழுங்க அனுமதி கிடைத்தது. கொடுத்த வாக்குறுதிகளைக் காப்பாற்றவில்லை எண்டு 2011 இல் போட்டி ஆணையம் 30 மில்லியன் யூரோ தண்டம் போட்டு, அனுமதியையும் திரும்பப் பெற்றது. அடுத்த வருடமே புதிய நிபந்தனைகளோடு மறுபடி அனுமதி. சிரிப்புத்தான்.

ஆக, பொலோரே வரும்போது எல்லாம் ஒரே கையில் திரட்டி வைக்கப்பட்டிருந்தது. அதே குழுமத்தின் செய்திச் சனல் இ-தெலே. 2016 இல் அதன் செய்தியாளர்கள் 31 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றார்கள், நிறையப் பேர் வெளியேறினார்கள். அடுத்த வருடம் அது சீ-நியூஸ் ஆனது. அதுக்குச் சந்தா இல்லை, பூட்டும் இல்லை. கலங்கின திரையோடு வளர்ந்த எனக்கு இதுதான் உறைக்கிறது: படமும் பந்தும் பூட்டுக்குள்ள, குடியேறிகள் மீதான வெறுப்பு மட்டும் இலவசம். அப்பா வேலை முடிந்து கோப்பி குடிக்கிற கஃபேயில் இப்ப நாள் முழுக்க ஓடுவது அதுதான்.

2025 பெப்ரவரியில் அவரின் சே-8 சனல் தன் அலைவரிசையை இழந்தபோது நாங்கள் கொண்டாடினோம். நானும் கைதட்டினேன். ஆனால் சீ-நியூஸ் அப்படியே இருக்கு. 'பொலோரே வெளியேறு' எண்டு மட்டும் கத்தினால், நாளைக்கு இன்னொரு கோடீஸ்வரர் அதே கதிரையில் இருப்பார். ஒருவர் எத்தனை சனல் வைத்திருக்கலாம், ஆசிரியரைத் தேர்வதில் செய்தியாளருக்கு வாக்கு இருக்கா: நாங்கள் கேட்கவேண்டியது இதைத்தான்.

அடுத்த கூட்டத்தில் துண்டுப்பிரசுரம் எழுதப்போகிறோம். பொலோரேயின் படத்துக்குக் கீழே 1984 எண்டும் போடுவோம். சோசலிஸ்ட் கட்சித் தோழர்களுக்குக் கசக்கும். பரவாயில்லை.