ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்... டிஸ்க்கைப் பிரிக்கும் முன்!

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டி.பி.எம். 2.0 இல்லை என்று பழைய லேப்டாப் கைவிரிக்கிறது. 'லினக்ஸ் போட்டுக்கலாம்' என்பார் கல்லூரியில் படிக்கும் மகன். அப்பாவின் கணக்கு சாஃப்ட்வேரோ விண்டோஸில்தான் ஓடும். இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைப்பதுதான் டூயல் பூட். தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். இணையத்துக்கு லினக்ஸ், கணக்குக்கு விண்டோஸ் என்று பிரித்துக்கொள்வதே பாதுகாப்பு.

முதல் வேலை பேக்கப். கல்யாண ஆல்பத்தை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். பெரும்பாலான லேப்டாப்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் அறைகள்தான். போனால் சேர்ந்தே போகும். வெளியே தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்யுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும்.

சி டிரைவைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்வது நல்லது. 'ஷ்ரிங்க் வால்யூம்' கேட்கும் அளவு எம்.பி-யில் இருக்கும். 50 ஜி.பி. வேண்டுமென்றால் 51200. உபுண்டுவுக்கு 25 ஜி.பி. போதும் என்பார்கள், நாலு சாஃப்ட்வேர் போட்டதும் மூச்சு முட்டும். 100 ஜி.பி. காலியாக இருந்தும் 20-தான் தருவேன் என்று விண்டோஸ் அடம்பிடித்தால், நகர்த்த முடியாத பேஜ் ஃபைலும் ஹைபர்னேஷன் ஃபைலும் குறுக்கே நிற்கலாம். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். கிடைத்த இடத்தை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே விடுங்கள்.

லினக்ஸ் இன்ஸ்டால் ஆகும்போது 'ஈரேஸ் டிஸ்க்' என்று ஒன்று வரும். அதைத் தொட்டால் விண்டோஸ், கணக்கு, போட்டோ எல்லாம் காலி. விண்டோஸோடு சேர்த்து நிறுவும் 'இன்ஸ்டால் அலாங்சைடு' வாய்ப்பையே தேர்ந்தெடுங்கள். பட்டியலில் 100 எம்.பி. அளவில் ஒரு குட்டி இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் தெரியலாம். எதற்கும் உதவாததுபோல இருக்கும். இரண்டு சிஸ்டமும் கிளம்புவது அதிலிருந்துதான். அழிக்கவே கூடாது.

பிறகு விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் பதற வேண்டாம். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்க, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.